வாடிவாசல் திறக்காத வருஷத்துப் பாட்டு

திருவிழாவைப் பற்றி நல்ல பாட்டு எழுதணுமா? திருவிழாவுக்குப் போகாதீர்கள்! என்னடா இவன் ஏடாகூடமாகச் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பாட்டுகளின் கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் பாட்டு அமெரிக்காவில். 1969 ஆகஸ்ட் 15 முதல் 18 வரை, நியூயார்க் மாநிலத்தில் பெத்தேல் என்ற ஊரில், ஒரு பால் பண்ணைக்காரரின் நிலத்தில் நடந்ததுதான் வுட்ஸ்டாக் இசைவிழா. நாலு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். (தொடக்கத்தில் மேடையேறி ஆசியுரை சொன்னவர் சுவாமி சச்சிதானந்தா. நம்ம கோயமுத்தூர் செட்டிப்பாளையத்துக்காரர்!) அந்த விழாவின் பெயரிலேயே பாட்டு எழுதியவர் ஜோனி மிச்செல். ஆனால் அவர் விழாவுக்கே போகவில்லை. போனால் அடுத்து ஒப்புக்கொண்ட டிவி நிகழ்ச்சிக்குத் திரும்பி வர முடியாது என்று மேனேஜர் தடுத்துவிட்டார். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து செய்தி பார்த்தே எழுதினார். 1970-ல் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழு அதை ராக் பாணியில் பாட, உலகம் முழுக்கப் பரவியது. போக முடியாத ஏக்கம்தான் பாட்டைத் தந்தது என்று பின்னாளில் ஜோனியே சொல்லியிருக்கிறார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இரண்டாவது பாட்டு, ஹிப்ஹாப் தமிழாவின் 'டக்கரு டக்கரு'. 2016-ல் சினிமாவைச் சாராத தனிப்பாட்டாக யூடியூபில் வந்தது. பாடியவர் கோயமுத்தூர் ஆதி. நாட்டுப்புறத் தாளம், ராப், ஜல்லிக்கட்டு மூன்றும் கலந்த கலவை. அமெரிக்கர்கள் ஃபோக்-ராக் என்கிறார்களே, அதற்கு நம்மூர்ப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பாட்டு வந்த நேரத்தைப் பாருங்கள். 2011-ல் மத்திய அரசு காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2016 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி கொடுத்தும், பொங்கலுக்கு முன்பே கோர்ட் அதை நிறுத்திவைத்தது. ஆக, திருவிழாவே நடக்காத வருஷத்தில் திருவிழாப் பாட்டு! அலங்காநல்லூரில் வாடிவாசல் பூட்டிக் கிடக்க, காளை நம் செல்போனுக்குள் ஓடியது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2017 ஜனவரி 17-ல் மெரினாவில் கூட்டம் சேர ஆரம்பித்தது. அங்கே இந்தப் பாட்டுதான் கொடி மாதிரி. 21-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 22-ம் தேதி, போராட்டம் திசை மாறுகிறது என்று ஒரு வீடியோவில் வருத்தப்பட்டு ஆதி ஒதுங்கினார், அதற்காகத் திட்டும் வாங்கினார். 23-ம் தேதி காலையில் போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது, அன்றே சட்டசபையில் மசோதா நிறைவேறியது. பாட்டுக்காரர் விலகிப் போயும் பாட்டு போகவில்லை. பாட்டின் உண்மையான வலிமை அதில்தான் இருக்கிறது.

இங்கே கர்நாடகத்திலும் அலை அடித்தது. 2016 நவம்பரில் நின்றுபோன கம்பளா எருமை ஓட்டத்துக்காக இவர்களும் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இரு மாநிலச் சட்டங்களும் செல்லும் என்று சொன்னது. அதே நவம்பரில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் இந்த ஊரின் முதல் கம்பளா நடந்தது. கடலோரத்து வயல் விழா, பிழைக்க வந்தவர்களைத் தேடி நகரத்துக்கே வந்துவிட்டது!

பேங்க்காரன் அல்லவா, பற்று-வரவு பார்க்காமல் விட மனசில்லை. வரவுப் பக்கம் சட்டமும் விழாவும். 2024 ஜனவரியில் கீழக்கரையில் பெரிய அரங்கமே திறந்தாச்சு. பற்றுப் பக்கம்? நாட்டு மாட்டைக் காப்பாற்றத்தான் ஜல்லிக்கட்டு என்பது அன்றைய முக்கிய வாதம். 2012-க்கும் 2019-க்கும் இடையே நாடு முழுக்க நாட்டு மாடுகள் சுமார் 6 சதவீதம் குறைந்தன, கலப்பின, வெளிநாட்டு மாடுகள் சுமார் 27 சதவீதம் கூடின என்கிறது கால்நடைக் கணக்கெடுப்பு. அதாவது ஜல்லிக்கட்டே இல்லாத மாநிலங்களிலும் இதே கதைதான். உழவுக்கு டிராக்டர் வந்தது, கறவைக்கு ஜெர்சி வந்தது. லிட்டர் கணக்கில் பால் பார்க்கும் விவசாயியைக் குறை சொல்லவும் முடியாது. இதையெல்லாம் ஒரு பாட்டால் மாற்ற முடியுமா?

இன்னொன்று. பாட்டில் எல்லோரும் 'தமிழன்', ஒரே குரல். களத்தில் அப்படியில்லை. கமிட்டியில் யார் இருப்பது என்ற அவனியாபுரம் வழக்கு மதுரை ஐகோர்ட் கிளை வரை போயிருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் குத்துப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் பையன்களின் குடும்பக் கணக்கு தனி.

தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழாவின் புழுதி தெரியாது, ரத்தம் தெரியாது, சாதியும் தெரியாது. அழகு மட்டும்தான் தெரியும். பாட்டு பிறக்க அந்தத் தூரம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். என்னைப் போல வெளியூரில் உட்கார்ந்து அதைக் கேட்டுப் புல்லரிப்பவர்கள்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கணும். புல்லரிப்பது நமக்கு, மாட்டுக்குத் தீவனம் வாங்குவது ஊரில் இருப்பவர்கள். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனால் காளையோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்படியே தீவனம் என்ன விலை என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.