மருத்துவச்சியும் முப்பது நாள் பயிற்சியும்

ஆபீஸ் தோழி ஒருத்தர், "கோடு எழுதி அலுத்துப் போச்சு, மிட்வைஃப் ஆகலாமான்னு பாக்கறேன்" என்றார். இங்கிலாந்தில் நர்ஸ் ஆகாமலே நேரடியா மூணு வருஷப் பட்டப்படிப்பில் சேரலாம். இங்கே +2 முடித்த, 35 வயசைத் தாண்டாத பெண்ணுக்கு 2 வருஷ ஏ.என்.எம். படிப்பு இருக்கு. 2018-ல் வந்த தனி மிட்வைஃப் படிப்பு 18 மாசம்தான், ஆனா முதலில் நர்ஸ் ஆகியிருக்கணும்.

இதைத் தேடப் போய், எங்க பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மருத்துவச்சிகள் ஞாபகம் வந்தது. பெரும்பாலும் முடி திருத்தும் சமூகத்துப் பெண்கள். மாமியாரிடம் மருமகள் கற்ற வித்தை. கூலி கொஞ்சம் தானியம், ஒரு சேலை. (பிள்ளை பிறக்கும்வரை 'ஆத்தா, தாயே' என்று கெஞ்சுவாங்களாம். பிறந்தபிறகு அவர் திண்ணையைத் தாண்டக்கூடாதாம். எங்க அப்பாயி சொன்னது.)

சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே வந்தாச்சு, அதுதான் இன்றைய எழும்பூர் ஆஸ்பத்திரி. மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1926-ல். ஆனா கிராமத்து மருத்துவச்சி வரைக்கும் அரசாங்கம் பெரிய அளவில் இறங்கி வந்தது 1977 கிராம சுகாதாரத் திட்டத்தில்தான். அப்போ நாங்க எல்லாம் திருச்சி மாவட்டம்.

ஆயிரம் பேருக்கு ஒரு 'தாயி'. பயிற்சி 30 வேலை நாள். வாரம் 2 நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மிச்ச நாள் ஏ.என்.எம். கூடவே ஊர் ஊரா. 300 ரூபாய் உதவித்தொகை. குறைஞ்சது 2 பிரசவம் பார்க்கணும். முடிச்சா சான்றிதழும் ஒரு பிரசவப் பெட்டியும். இந்த மாதிரிப் பயிற்சிகளோட சாரம் சுத்தம்தான்: கை, விரிப்பு, பிளேடு, கட்டும் நூல், கடைசியா தொப்புளில் சாணியோ சாம்பலோ வைக்காமல் விடுவது. சின்ன விஷயமா தெரியும். பிறந்த குழந்தைகளை ரணஜன்னி கொண்டுபோன காலம் அது.

1990-களில் உலக சுகாதார நிறுவனத்தின் பார்வை மாறியது. ரத்தப்போக்கு நிற்கலேன்னா சுத்தமான கை மட்டும் போதாது. ஊசி வேணும், ரத்தம் வேணும், சிசேரியன் வேணும். அப்புறம் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2005-ல் ஜனனி சுரக்ஷா. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில்தான்.

அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. நூற்றுக்கணக்கில் பிள்ளை எடுத்த கைகளுக்கு அந்த முப்பது நாளுக்கு மேல் ஏற ஒரு படி வைக்கவில்லை. ஏ.என்.எம். ஆகப் பள்ளிச் சான்றிதழ் வேணும். கைநாட்டு வைத்து உதவித்தொகை வாங்கினவங்க அதுக்கு எங்கே போவாங்க? அவங்களோட மருமகள்கள் அந்த வேலைக்கே வரவில்லை.