எட்டயபுரம்

எட்டயபுரம் தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், கரிசல் காட்டின் நடுவே உள்ள ஊர். ஒரு காலத்தில் பாளையத்தின் தலைநகர், பிறகு ஜமீனின் தலைநகர், இன்று அதே பெயருள்ள வட்டத்தின் தலைமையிடம். நிர்வாகம் பேரூராட்சி, வருவாய்க் கோட்டம் கோவில்பட்டி, சட்டமன்றத் தொகுதி விளாத்திகுளம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் நாற்கரச் சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 13 ஆயிரத்தை ஒட்டியிருந்தது. தமிழிலும் கருநாடக இசையிலும் இவ்வூர் பிடித்திருக்கும் இடத்தோடு வைத்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கை மிகச் சிறியது.

ஊரைச் சுற்றிலும் மானாவாரி நிலம்தான். வற்றாத ஆறோ பாசனக் கால்வாயோ கிடையாது. மழை நீரைத் தேக்கும் கண்மாய்கள் உண்டு, அவை நிறையும் ஆண்டுகள் குறைவு. ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ.; அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து முடிந்துவிடும். கரிசல் மண் நனைந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை விழுந்தபின் ஏர் பூட்ட முடியாது என்பதால் ஆடி, ஆவணியில் உழுது போட்டு, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மழை தப்பினால் விதை போச்சு. பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், மல்லி ஆகியவை பழைய வெள்ளாமை. கருங்கண்ணி, உப்பம் என்ற நாட்டுப் பருத்திகள் திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் ஒரு காலத்தில் கப்பலேறின. இன்று மக்காச்சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியை ஓரங்கட்டிவிட்டன. 1901இல் கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியதற்கு இந்த மண்ணும் இந்தப் பருத்தியுமே காரணம்.

ஊரின் பழம்பெயர் இளசை. புலவர்கள் விடாமல் அந்தப் பெயரையே கையாண்டார்கள். பாரதியும் இளமையில் இவ்வூர் எட்டீசுவரன்மேல் இளசை ஒருபா ஒருபஃது பாடினார். எட்டயபுரம் என்பது ஆட்சியாளர்களின் பட்டப்பெயரான எட்டப்பனிலிருந்து வந்தது. இக்குடியின் முன்னோர் ஒருவர் விசயநகரத்தில் சோமன் என்ற மல்லனைக் கொன்று, அவனுடைய தம்பியர் எண்மரையும் பிள்ளைகளாக ஏற்று வளர்த்ததால் எட்டு பேருக்கு அப்பன் ஆனார் என்பது வம்ச வரலாறு சொல்லும் கதை. மெய்யோ புனைவோ, பட்டத்துக்கு வேறு நல்ல விளக்கம் எதுவும் வழங்கவில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கம்பளத்து நாயக்கர்களான இவர்கள் 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்கள் ஏற்படுத்திய பாளைய அமைப்பில் இடம்பெற்றார்கள். திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பாளையங்கள் பெரும்பாலும் மறவர்களுடையவை. கிழக்கே கரிசலில் இருந்தவை நாயக்கர்களுடையவை. கிழக்கில் பெரியவை பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும். எல்லை தொட்டுக் கிடந்த இரண்டுக்கும் கிராமங்களைப் பற்றிய தகராறு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தலையிடுவதற்கு முன்பே இருந்தது.

1799இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது. அவ்வாண்டு அக்டோபர் 16இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் அவருடைய தம்பி ஊமைத்துரை மீண்டும் கோட்டை கட்டிப் போரிட்டபோதும் எட்டயபுரத்துப் படை ஆங்கிலேயரோடுதான் இருந்தது. போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்குக் கிடைத்தது. இவை மறுக்க முடியாத செய்திகள். எனினும் எட்டப்பன் என்ற பட்டம் தமிழகம் முழுவதும் துரோகிக்கு மறுபெயரானதற்கு 1959இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அவருடைய பட்டம் வசைச்சொல் ஆகவில்லை. 1799க்குச் சுமார் நாற்பது ஆண்டுகள் முன்னர் இதே எட்டயபுரம் பாளையம், வரி கேட்டு வந்த படையை எதிர்த்து நின்றதும் உண்டு. அந்தப் போரில் எட்டயபுரத்துக்காகப் போராடிய கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். கட்டாலங்குளத்தில் ஆண்டுதோறும் சூலை 11இல் அவருக்கு அரசு விழா நடக்கிறது. பாளையக்காரர் அரசியலில் நேற்றைய எதிரி இன்றைய துணையாவது வாடிக்கை. ஒரே சொல்லில் அதை அடக்கிவிடும் பழக்கம் பின்னால் வந்தது.

1803இல் பாளையம் ஜமீனாக மாறியது. படை போயிற்று, வரி வசூல் மட்டும் எஞ்சியது. அந்த வருவாயில் ஒரு பகுதி புலவர்களுக்கும் வித்துவான்களுக்கும் போனது. இப்பழக்கம் பாளையக் காலத்திலேயே வேரூன்றியது. 17ஆம் நூற்றாண்டில் கடிகைமுத்துப் புலவர் இங்கே அரசவைப் புலவர். அவரிடம் தமிழ் பயின்ற மாணவர் உமறுப் புலவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் 5,027 பாடல்களாகப் பாடிய சீறாப்புராணம் அவருடையது. அந்தக் காப்பியம் உருவானதற்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவு காரணம் என்றாலும் புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்திலேயே இருக்கிறது. தமிழக அரசு இங்கு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளது.

இசையில் எட்டயபுரத்தின் பங்கு இதைவிடப் பெரியது. திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் இங்கே ஆஸ்தான வித்துவான். மேனாட்டு வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் அவர். தம்பியைப் பார்க்க எட்டயபுரம் வந்த தீட்சிதர், வழியில் மழையின்றி வெடித்துக் கிடந்த நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடியதாகவும், மழை கொட்டியதாகவும் கதை உண்டு. வேறு எந்த ஊரில் நடந்ததாகச் சொன்னாலும் இந்தக் கதை இவ்வளவு பொருந்தாது. 1835 அக்டோபர் 21, தீபாவளி நாளில், தீட்சிதர் இங்கேயே காலமானார், சமாதியும் இங்குதான்.

தீட்சிதரின் பாட்டுகள் பிழைத்துக் கிடந்ததற்கு இவ்வூருக்கு நன்றி சொல்ல வேண்டும். பாலுசாமியின் பேரனும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர், குடும்பத்தில் வாய்வழியாகவும் சுவடியாகவும் இருந்தவற்றைத் தொகுத்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூலை எழுதினார். ஜமீனின் வித்யா விலாசினி அச்சகத்தில் 1904இல் அது அச்சானது. முத்துசாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கிருதிகள் கமகக் குறியீடுகளோடு அதில் உள்ளன. அதுவரை பாடகரின் தொண்டையில் மட்டும் இருந்த வளைவுகளையும் அசைவுகளையும் எழுத்தில் பிடிக்க, அச்சுக்கோப்பவர்கள் வழக்கத்தில் இல்லாத குறிகளைக் கையாள வேண்டியிருந்தது. சென்னையிலோ தஞ்சையிலோ அல்ல, இரயில் எட்டாத ஒரு கரிசல் ஊரில் இந்த வேலை நடந்தது. நூல் தெலுங்கு எழுத்தில் வந்தது. அரண்மனையின் மொழியும் அன்றைய இசையுலகின் மொழியும் அதுவே. பிற்பாடு சென்னை மியூசிக் அகாடமி இதைத் தமிழ் எழுத்தில் தந்தது.

சுப்பிரமணிய பாரதி 1882 டிசம்பர் 11இல் இவ்வூரில் பிறந்தார். தந்தை சின்னசாமி ஐயர் ஜமீனோடு நெருக்கமானவர். கணக்கிலும் இயந்திரத்திலும் நாட்டம் உள்ளவர். ஊரைச் சுற்றி விளையும் பருத்தியை நம்பி இங்கே ஓர் ஆலை வைத்தார். அது நொடித்தது, கைப்பொருளும் போய், 1898இல் அவர் இறந்தார். மகனுக்குப் பதினொரு வயதில் இவ்வூர்ப் புலவர் அவை ‘பாரதி’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. தந்தைக்குப் பின் காசிக்குப் போன பாரதி, திரும்பி வந்து சுமார் இரண்டு ஆண்டுகள் அரண்மனையில் வேலை பார்த்தார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அந்த வாழ்வு முடிந்தது.

பாரதிக்கும் ஜமீனுக்கும் இருந்த உறவு எளிதில் வகைப்படாது. 1897இல், பதினாலு வயதில், படிப்புக்கு உதவி கேட்டு மன்னருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினார். 1919இல், புதுவை வாழ்வும் சிறையும் முடிந்தபின், மறுபடியும் சீட்டுக்கவி எழுதினார். அதற்குப் பலன் கிடைக்கவில்லை. இடையில் சின்னச் சங்கரன் கதையில் ஒரு ஜமீன்தாரின் வெட்டிப் பொழுதையும் துதிபாடிகளையும் அவர் கேலி செய்தது பெயர் மாற்றிய எட்டயபுரம் என்பதே ஆய்வாளர் கருத்து. கதை முற்றுப்பெறவில்லை என்பது தமிழுக்கு நட்டம்.

அவர் பிறந்த வீடு இன்று அரசு நினைவில்லம். பாரதி மணிமண்டபத்தின் வரலாறு தனி. எழுத்தாளர் கல்கி தம் இதழ் மூலம் வாசகர்களிடம் நிதி திரட்டினார். சிறு தொகைகளாகவே பணம் சேர்ந்தது. 1945இல் அடிக்கல் நாட்டிய ராஜாஜியே 1947 அக்டோபரில், மேற்கு வங்க ஆளுநராக இருந்தபோது, திறந்துவைத்தார். டிசம்பரில் பாரதி விழாவுக்கு எழுத்தாளர்களும் மாணவர்களும் இவ்வூருக்கு வருவது அப்போதிலிருந்து தொடர்கிறது. எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இங்கே நூலகமாக உள்ளன. பாரதியின் ‘இந்தியா’ இதழ் எழுத்துகளைத் தேடித் தொகுத்த இளசை மணியன் இவ்வூர்க்காரர்.

ஊரின் தேக்கத்துக்குக் காரணங்கள் இரண்டு. மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை 1876இல் கோவில்பட்டி வழியாகப் போனது. பருத்தியும் ஆலையும் வியாபாரமும் தண்டவாளத்தைத் தேடிப் போயின. சிற்றூராக இருந்த கோவில்பட்டி நகராட்சியானது, எட்டயபுரம் பேரூராக நின்றது. அடுத்து, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம். வரி நின்றபின் அரண்மனைக்கு வேலையில்லை. கட்டடமும் சிதைந்து வருகிறது. ராஜா மேல்நிலைப் பள்ளியின் பெயரில்தான் அக்காலம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. தாலுகா அலுவலகமும், பாரதியார் நூற்றாண்டு நினைவு அரசு மகளிர் பாலிடெக்னிக்கும் சுற்றுப்பட்டி மக்களை ஊருக்குள் வரவழைக்கின்றன.

வட்டத்தின் கிராமங்களில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல. விவசாயம் ஒரு போக மழையை நம்பியது என்பதால் எல்லா வீட்டிலும் இரண்டாவது பிழைப்பு ஒன்று இருக்கும். ஊருக்குள் கைத்தறி உண்டு. பருத்திச் சேலை நெய்கிறார்கள், தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. தீப்பெட்டி வேலை கோவில்பட்டியிலிருந்து பரவியது. அதில் பெண்களே அதிகம். மழை பொய்த்த நிலங்களில் மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதும் ஒரு தொழில்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆடு. சனிக்கிழமைதோறும் கூடும் எட்டயபுரம் ஆட்டுச் சந்தை தென் மாவட்டங்களில் பெரியவற்றுள் ஒன்று. விடியுமுன்பே லாரியிலும் மினி வேனிலும் ஆடுகள் வந்து இறங்கும். வெயில் ஏறுவதற்குள் முக்கால் வியாபாரம் முடிந்துவிடும். இந்தக் கரிசலுக்கே உரிய இனங்களை இங்கே பார்க்கலாம். கன்னி ஆட்டின் கரிய முகத்தில் இரண்டு கோடுகள் ஓடும். கோடு வெள்ளையானால் பால்கன்னி, சிவப்பானால் செங்கன்னி. கொடி ஆடு உயரமானது, வெள்ளை உடம்பில் கறுப்பு தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்பானால் செம்போரை. வேம்பூர்ச் செம்மறிக்குப் பொட்டு ஆடு என்று பெயர். செம்மறி வைத்திருப்போர் கோடையில் காடு காடாகக் கிடை போட்டு, எருவுக்கு நிலக்காரரிடம் கூலி வாங்குவர். வெள்ளாமை இல்லாத மாதங்களில் கையில் காசு புரள்வது அதனால்தான். பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ கலியாணச் செலவுக்கோ பட்டியிலிருந்து நாலு உருப்படி சந்தைக்குப் போகும். தீபாவளி, பக்ரீத், பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமைகளில் மதுரை, தேனி, இராமநாதபுரம் வியாபாரிகள் திரண்டு வருகிறார்கள். அந்த ஒரு நாளில் கோடிக்கணக்கில் பணம் கைமாறும்.