டேபிள் சா மெஷினில் பிளேடை ஏற்றினாலே 'கர கர' சத்தமா? வில்லன் மரத்தூள்தான்... நீங்களே சரிசெய்யலாம்!

மொட்டைமாடியிலோ, கார் ஷெட்டிலோ சின்னதா ஒரு மரவேலை செட்டப். வீடியோக்களைப் பார்த்து ஆசை ஆசையா ஒரு டேபிள் சா மெஷினும் வாங்கிட்டீங்க. ஆரம்பத்துல ஒரே விரல்ல சுத்தின அந்தக் கைச்சக்கரம், இப்போ பிளேடை ஏத்தி இறக்கும்போதெல்லாம் 'கிரீச்... கர கர'ன்னு அழுவுதா? "மெஷின் போச்சே"ன்னு பதற வேண்டாம். பெரும்பாலும் இதுக்குக் காரணம், உள்ளே சேர்ந்திருக்கும் மரத்தூள்தான்.

அதுக்காக, "சத்தம்தானே"ன்னு அப்படியே விட்டுடவும் கூடாது. சக்கரம் சுத்தக் கஷ்டமா இருந்தா நாம என்ன பண்ணுவோம்? பிளேடை எப்பவும் முழு உயரத்துலயே விட்டுடுவோம். வெட்டுறது 12 மி.மீ. பிளைவுட்டா இருக்கும், பிளேடு அதுக்கு மேலே ரெண்டு இன்ச் நீட்டிக்கிட்டு நிக்கும். வெளியே தெரியுற ஒவ்வொரு பல்லும் உங்க விரலுக்கு ஆபத்து. அதனால இது வெறும் சத்தப் பிரச்னை இல்லை, பாதுகாப்புப் பிரச்னை.

உள்ளே என்ன நடக்குது?

சின்ன, தூக்கிட்டுப் போகக்கூடிய மெஷின்களில் கைச்சக்கரம் இரண்டு பல்சக்கரங்களைச் சுழற்றும். அவை ஒரு நீளமான திருகுக் கம்பியைச் சுற்ற, மோட்டாரும் பிளேடும் சேர்ந்து மேலேறும். பெரிய மெஷின்களில் திருகு போன்ற 'வார்ம் கியர்', அரைவட்டப் பல்சக்கரம் ஒன்றைத் தள்ளும். இரண்டுமே பிளேடுக்கு நேர் கீழே இருப்பதால், தூள் மொத்தமும் அங்கேதான் கொட்டும். மரத்தின் பிசினும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால், பல் இடுக்குகளில் அது கெட்டியாகப் படிந்துவிடும். "எண்ணெய் விட்டா சரியாயிடும்"னு ஊத்தியிருந்தா இன்னும் மோசம். எண்ணெயும் தூளும் சேர்ந்து களிம்பாகிடும்.

சத்தம் எங்கிருந்து வருது?

முதலில் பிளக்கை உருவுங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. சக்கரத்தின் நடுவில் லாக் திருகு இருந்தால் அது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பேர் இதை மறந்துட்டுத்தான் மல்லுக்கட்டுறாங்க. இப்போ மெதுவாகச் சுற்றிக் கேளுங்கள்.

* ஏறி இறங்கும் வழி முழுக்க 'கர கர' என்றால்: தூள் அல்லது வறட்சி.
* ஒரே இடத்தில் மட்டும் 'டக்' என்றால்: மரச் சில்லு சிக்கியிருக்கலாம், பல் உடைந்திருக்கலாம்.
* கொஞ்ச தூரம் சும்மா சுற்றி, பிறகு 'டொக்' என்று பிடித்தால்: பல்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம்.
* மோட்டார் ஓடும்போது மட்டும் சத்தம் என்றால்: இது வேறு கேஸ். பேரிங், பெல்ட், பிளேடைப் பார்க்கணும்.

சரிசெய்வது எப்படி?

1. பிளக்கை உங்க கண்ணுக்குத் தெரியுற இடத்துல வைங்க. முகத்தில் மாஸ்க், கையில் தடிமனான கையுறை. பிளேடையும் அதைச் சுற்றியுள்ள தட்டையும் கழற்றுங்கள்.

2. சின்ன மெஷின் என்றால் இன்னொருவர் உதவியோடு பழைய போர்வை மேல் கவிழ்த்து வைக்கலாம். பெரிய மெஷினில் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாலே போதும்.

3. வேக்குவம் கிளீனர், பெயின்ட் பிரஷ் கொண்டு தூளை எடுங்கள். காற்றடித்தால் தூள் மோட்டாருக்குள் போகும், கவனம்.

4. துணியில் கொஞ்சம் டர்பன்டைன் நனைத்து, உலோகப் பற்களில் படிந்த பிசினை ஊற வைங்க. பிறகு பித்தளைக் கம்பி பிரஷால் தேயுங்கள். பிளாஸ்டிக் பற்கள் என்றால் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். டர்பன்டைன் தீப்பிடிக்கும், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு இல்லாமல் செய்யணும். சக்கரத்தைச் சுற்றி, மறைந்திருக்கும் பற்களையும் சுத்தம் செய்து நன்றாகக் காயவிடுங்கள்.

5. இப்போதான் முக்கியமான கட்டம். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் 'டிரை லூப்ரிகன்ட்' ஸ்பிரே கேளுங்க. காய்ந்தபின் ஒட்டாது என்பதால் தூள் பிடிக்காது. அவசரத்துக்கு மெழுகுவத்தியைத் தேய்த்தாலும் வேலை செய்யும். உங்க மெஷின் மேனுவல் கிரீஸ் போடச் சொன்னால், மேனுவல் சொல்வதே சரி. ஐந்தாறு முறை ஏற்றி இறக்கி, மிச்சத்தைத் துடைங்க. பெல்ட், மோட்டார் மேல் படக் கூடாது.

6. 'டொக்' சத்தம் மட்டும் போகலையா? சில பெரிய மெஷின்களில் வார்ம் கியரை நெருக்கி வைக்க வசதி இருக்கும். பழைய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, துளித் துளியா நெருக்குங்க. அதிகம் இறுக்கினால் சக்கரம் சுற்றவே சுற்றாது.

7. பிளேடு, தட்டு, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப், பாதுகாப்பு மூடி எல்லாத்தையும் பழையபடி மாட்டுங்க. மூலைமட்டம் வைத்து பிளேடு 90 டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் பிளக்கைச் சொருகணும். முதல் வெட்டு, வேண்டாத துண்டு மரத்தில்!

மறுபடி வராம இருக்க...

* உயரத்தை செட் செய்யும்போது கடைசி அசைவு மேல்நோக்கியே இருக்கட்டும். தாண்டிட்டா, ஒரு சுற்று இறக்கி மறுபடி ஏற்றுங்கள். இடைவெளி அடைபட்டு, பிளேடு தானாக இறங்காது.
* மேலேயும் கீழேயும் எல்லை வரை போய் முட்டி இறுக்காதீங்க. கால் சுற்று திருப்பி விடுங்கள்.
* மாசம் ஒருமுறை உள்ளே வேக்குவம் போடுங்க. மழைக்காலத்துக்கு முன் கண்டிப்பா.

பல் உடைந்திருந்தாலோ, கம்பி வளைந்திருந்தாலோ நீங்களே ஒட்டுப்போட முயல வேண்டாம், உதிரிபாகம்தான் மாற்றணும். வாரன்டி இருந்தால், திருகைக் கழற்றும் முன் சர்வீஸ் சென்டரிடம் கேட்டுக்கோங்க.

வேலை முடிஞ்சுதா? இனிமே ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாலயும் பிளேடை இறக்கி, பற்களின் இடைப் பள்ளம் மரத்துக்குச் சற்று மேலே தெரியும் அளவுக்கு மட்டும் ஏத்துங்க. சக்கரம் லேசா சுத்தினா, இதுக்குப் பத்து செகண்ட்தான். அந்தப் பத்து செகண்டுக்கு சோம்பல் வரக் கூடாதுன்னுதான் இவ்வளவு மெனக்கெடல்!