பிறரை மன்னித்தலும் மீட்பும் (கிறிஸ்தவம்)

தனக்குத் தீங்கு செய்தவரை மன்னித்துவிட்டால் அதுவே ஒருவரை மீட்புக்குக் கொண்டு சேர்த்துவிடுமா என்பது கிறிஸ்தவ இறையியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், சீர்திருத்தச் சபையார், பெந்தெகொஸ்தே சபையார் ஆகியோர் பலவற்றில் வேறுபட்டாலும் இதற்கு ஏறக்குறைய ஒரே விடையைத் தருகிறார்கள். மன்னிப்பது மட்டும் போதாது. ஆனால் மன்னிக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்பவர் கடவுளின் மன்னிப்பைப் பெற்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. இந்த இரண்டு பாதிகளில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடித்துக்கொள்ளும்போதுதான் போதனை தடம் புரள்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த மரபுகள் எல்லாம் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றன. பூந்தமல்லியில் கத்தோலிக்கக் குருக்களை உருவாக்கும் திரு இருதயக் குருமடம் இருக்கிறது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. அங்கே வேலைக்கு வந்து குடியேறிய நெல்லை, குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் தங்கள் சபைப் பழக்கங்களையும் கூடவே கொண்டுவந்தன. தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம், லுத்தரன் சபை, வாடகை மாடியில் கூடும் பெந்தெகொஸ்தே ஜெபவீடு என எங்கே போனாலும் இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வரும். சொத்துத் தகராறில் பேச்சு அறுந்துபோன அண்ணனிடம் தம்பி தானாகப் போய்ப் பேசிவிட்டான். பரலோகத்துக்கு இது போதாதா?

வேதம் சொல்வது

போதும் என்பவர்களுக்குப் பற்றுக்கோடாக இருப்பது மத்தேயு 6:14–15. மனிதருடைய தப்பிதங்களை மன்னித்தால் பரம தந்தையும் மன்னிப்பார், மன்னிக்காவிட்டால் அவரும் மன்னிக்கமாட்டார் என்பது அதன் பொருள். இயேசு கற்பித்த ஜெபத்துக்கு அடுத்த வரியாகவே இது வருகிறது. மாற்கு 11:25, லூக்கா 6:37 ஆகியவையும் இதே திசையில் பேசுகின்றன. இந்த வசனங்களைத் தனியே எடுத்துப் படித்தால் மன்னிப்பது ஒரு விலை போலவும் மீட்பு அதற்குக் கிடைக்கும் பொருள் போலவும் தோன்றும்.

மத்தேயு 18-இல் உள்ள இரக்கமற்ற ஊழியனின் உவமை இந்தத் தோற்றத்தைக் கலைக்கிறது. அரசனுக்கு அந்த ஊழியன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவரின் ஒருநாள் சம்பளம். ஆக, அவன் கடன் ஆறு கோடி நாள் கூலி. சக ஊழியன் அவனுக்குத் தரவேண்டியதோ நூறு தெனாரியம், மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான உழைப்பு. நூறு நாள் கூலியை யாரும் அற்பம் என்று தள்ளமாட்டார்கள். உவமையும் அதை அற்பம் என்று சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசை. அரசன் முதலில் மன்னித்துவிடுகிறான். ஊழியன் எதையும் செய்து அதைச் சம்பாதிக்கவில்லை. அதன் பிறகுதான் அவன் இன்னொருவனை மன்னிக்க வேண்டிய நேரம் வருகிறது. அவன் மறுத்தபோது, பெற்ற மன்னிப்பு அவன் உள்ளத்தைத் தொடவே இல்லை என்பது வெளிப்பட்டுவிடுகிறது. எபேசியர் 4:32, கொலோசெயர் 3:13 இரண்டிலும் இதே வரிசைதான். கிறிஸ்து உங்களை மன்னித்தார், ஆகவே நீங்களும் மன்னியுங்கள் என்கிறார் பவுல். எபேசியர் 2:8–9 இன்னும் நேராகப் பேசுகிறது: மீட்பு கிருபையால் விசுவாசத்தின் வழியாக வருகிறது, யாரும் பெருமை பாராட்டும்படி செயல்களால் வருவதில்லை. மன்னிப்பதும் ஒரு செயல்தான், எவ்வளவு உயர்ந்ததானாலும்.

பெரிய வெள்ளியன்று இதைக் காதாலேயே கேட்கலாம். தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பிரித்துக்கொண்டு செய்தி கொடுப்பார்கள், இடையிடையே கீர்த்தனை. முதல் வார்த்தை, தம்மை அறைந்தவர்களுக்காக இயேசு வேண்டும் மன்னிப்பு. இரண்டாவது, உடன் அறையப்பட்ட கள்வனுக்குத் தரும் வாக்குறுதி. முதல் வார்த்தையில் கண் கலங்காதவர் குறைவு. நம் கேள்விக்கான விடையோ இரண்டாவதில் இருக்கிறது. லூக்கா 23-இன்படி அந்தக் கள்வன் யாரையும் மன்னித்ததாகச் செய்தி இல்லை. அதற்கு அவனுக்கு நேரமும் இல்லை. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு இயேசுவிடம் திரும்பினான், அவ்வளவே. அவனுக்கு அன்றே பரதீசு கிடைத்தது.

சபைகளின் போதனை

மன்னித்தால் போதும் என்ற வாதத்தை எழுத்தில் நேருக்கு நேர் எதிர்கொண்டவர் புனித அகுஸ்தீன். சுமார் 426-இல் முடித்த 'கடவுளின் நகரம்' நூலின் 21-ஆம் புத்தகத்தில், அவர் காலத்தில் சிலர் கொண்டிருந்த கருத்தைக் குறிப்பிடுகிறார். இரக்கச் செயல்களைச் செய்துகொண்டு, கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி, பிறரை மன்னித்து வந்தால் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளாமலே தப்பிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். அகுஸ்தீன் இதை ஏற்கவில்லை. அந்த ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் வேண்டுதல் தீயவழியை விட்டவர்களின் அன்றாடத் தவறுகளுக்கானது, பாவத்தில் நிலைத்திருக்க அனுமதிச்சீட்டு அல்ல என்கிறார். அதே அகுஸ்தீன்தான் பகைவனை மன்னிப்பதே தர்மங்களில் தலையானது என்றும் எழுதியவர். இரண்டையும் சேர்த்துச் சொன்னதில்தான் அவர் பெருமை.

திரெந்துப் பொதுச்சங்கம் 1547-இல் வெளியிட்ட ஆணை, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் செயல்களால் மட்டும் எவரும் கடவுள்முன் நீதிமானாக முடியாது என்று உறுதியாகச் சொல்கிறது. கத்தோலிக்கர் செயல்களால் மீட்புத் தேடுகிறார்கள் என்று மற்றச் சபை மேடைகளில் கேட்கும் குற்றச்சாட்டு இந்த ஆணையைப் படிக்காமல் சொல்லப்படுவது. அருளோடு மனிதர் ஒத்துழைக்க வேண்டும் என்பதே கத்தோலிக்கப் போதனை, மன்னிப்பது அந்த ஒத்துழைப்பில் அடங்கும். மார்ட்டின் லூதர் 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், நாம் மன்னிப்பதை நமக்குக் கிடைத்த மன்னிப்பின் அடையாளம் என்று விளக்குகிறார். உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்தக் கூட்டமைப்பின் உறுப்பு. உலக மெதடிஸ்ட் மன்றம் 2006-இலும் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு 2017-இலும் அறிக்கையுடன் இணைந்தன.

வழிபாட்டில்

தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் அமைத்த திருவிருந்து வழிபாட்டில் சமாதானம் பரிமாறும் சடங்கு உண்டு. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வார்கள். குருவானவரிடமிருந்து தொடங்கி வரிசை வரிசையாக இது பின்னால் போகும். முகம் பார்க்காத உறவினர் அதே வரிசையில் நின்றால் கை நீட்டியே ஆகவேண்டும். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்னும் மத்தேயு 5:23–24 இங்கே உடலால் நிறைவேறுகிறது. கத்தோலிக்கத் திருப்பலியிலும் நற்கருணைக்கு முன் சமாதானம் பகிரப்படுகிறது.

மன்னிப்பும் தண்டனையும்

மன்னிக்காவிட்டால் மீட்பு போய்விடும் என்ற பாதியை மட்டும் ஆயுதமாக எடுப்பது இங்கே உண்மையான தீங்காக இருக்கிறது. அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போகச் சொல்லி ஒரு பெண்ணிடம் இந்த வசனத்தைக் காட்டுவது வேதத்தைத் தவறாகக் கையாள்வது. பழிவாங்கும் உரிமையைக் கடவுளிடம் ஒப்படைப்பது மன்னிப்பு. மறுபடி ஒரே வீட்டில் வாழ்வது ஒப்புரவு, அதற்கு எதிராளியின் மனமாற்றம் வேண்டும். சட்டப்படியான தண்டனை மூன்றாவது. 1992-இன் கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி, பட்ட காயத்தை உணராமல் இருப்பதும் மறப்பதும் நம் கையில் இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது.

1999 ஜனவரி 22-ஆம் நாள் இரவு ஒடிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸும் அவர் மகன்கள் பிலிப், திமோத்தேயுவும் வாகனத்தோடு எரிக்கப்பட்டார்கள். கிரகாமின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார், பாரிபாதா தொழுநோய் இல்லப் பணியைத் தொடர்ந்தார். 2005-இல் பத்மஸ்ரீ பெற்றார். வழக்கு தன் வழியே நடந்து, முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மத்தியப் பிரதேசத்தில் 1995-இல் கொல்லப்பட்ட அருட்சகோதரி ராணி மரியாவின் தங்கை செல்மி பால், கொன்ற சமந்தர் சிங்குக்குச் சிறையில் ராக்கி கட்டினார். குடும்பத்தின் வேண்டுகோளும் சேர்ந்து அவர் 2006-இல் விடுதலையானார். 2017-இல் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அது அவருடைய மறைசாட்சி மரணத்துக்காக.

மன்னிப்பு, ஒப்புரவு, தண்டனை என்னும் இந்த மூன்றின் பிரிவைச் சமய எல்லைக்கு வெளியிலும் இப்பகுதி பார்த்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21-இல் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களுள் நளினிக்கு உயிர்ப்பிச்சை தரும்படி சோனியா காந்தி கேட்டுக்கொண்டார். 2000-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அவர் விடுதலையானதோ 2022 நவம்பரில், உச்ச நீதிமன்ற உத்தரவால்.

கிறிஸ்துவை அறியாதவர்

கிறிஸ்துவை ஏற்காமல், ஆனால் வாழ்நாளெல்லாம் பிறரை மன்னித்தே வாழ்ந்தவர் நிலை என்ன? திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தைப் பள்ளியில் படித்து வளரும் ஊரில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரே குடும்பத்தில் மருமகள் ஜெபக்கூட்டத்துக்குப் போவாள், மாமியார் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றி வெளியிட்ட ஆவணம், தங்கள் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து மனச்சான்றின்படி கடவுளின் விருப்பத்தைச் செய்ய முயல்பவர்களும் அருளின் துணையால் மீட்புப் பெறக்கூடும் என்கிறது. அங்கும் மீட்பது அருளே, மன்னித்த செயல் அல்ல. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் அப்போஸ்தலர் 4:12-ஐக் காட்டி இதை மறுக்கின்றன; அறிக்கையிட்ட விசுவாசம் வேண்டும் என்கின்றன. தென்னிந்தியத் திருச்சபைப் போதகர்களிடம் இரண்டு கருத்துகளையும் கேட்கலாம். இறந்த மாமியாரைப் பற்றிக் கேட்கும் மருமகளிடம், அந்தத் தீர்ப்பு நம்முடையது அல்ல என்று சொல்லி அவளோடு உட்கார்ந்து ஜெபிப்பவர்களும் அவர்களில் உண்டு.