சிவப்புக் கோட்டிலிருந்து சொல்லுக்கு: இணையப் படிவப் பிழைச்செய்திகளின் வளர்ச்சி

பிழைச்செய்தி தொடக்கத்தில் படிவம் நிரப்புபவருக்காக எழுதப்பட்டதே இல்லை. நிரல் எந்த இடத்தில் தடைபட்டது என்று நிரலாளருக்குத் தெரிவிக்கும் குறிப்பாகத்தான் அது பிறந்தது. குறியீட்டு எண்களும் அதட்டல் சொற்களும் அதில் நிறைந்திருந்தது அதனால்தான். மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் 1982இல் இந்தப் போக்கைக் கண்டித்து எழுதினார். பயனரைக் குற்றவாளியாக்கும் சொற்களை நீக்க வேண்டும், கோளாறு இன்னதென்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், சரிசெய்யும் வழியைக் காட்ட வேண்டும் என்றார். கோபோல் கம்பைலரின் செய்திகளை மாற்றி எழுதிப் பரிசோதித்தும் பார்த்தார். 1990இல் ரோல்ஃப் மோலிக், யாக்கோப் நீல்சன் இருவரும் வகுத்த மதிப்பீட்டு விதிகளிலும் நல்ல பிழைச்செய்திக்குத் தனி இடம் கிடைத்தது.

ஆக, இணையம் பரவும் முன்பே இந்த அறிவு கைவசம் இருந்தது. இருந்தும் இணையப் படிவங்கள் அதைப் பொருட்படுத்தாமலே வளர்ந்தன. அந்த அறிவு நல்லெண்ண ஆலோசனையாக இருந்தவரை பலன் தரவில்லை. பார்வையற்ற பயனர்களின் தேவை எழுத்துவடிவ விதியாக மாறிய பிறகே அது நடைமுறைக்கு வந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

படிவங்கள் எச்டிஎம்எல் 2.0 வழியாக 1995இல் முறையான தரத்துக்குள் வந்தன. அக்காலத்தில் சரிபார்ப்பு முழுவதும் சர்வரில்தான் நடந்தது. பொத்தானை அழுத்தினால் படிவம் போய்விடும்; தவறு இருந்தால் ஒரு புதிய பக்கம் திரும்பி வரும். நிரப்பிய விவரங்கள் பல நேரங்களில் காணாமல் போயிருக்கும். அதே 1995 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட், உலாவியிலேயே சரிபார்க்க வழி செய்தது. உடனே எங்கும் எச்சரிக்கைப் பெட்டிகள் முளைத்தன. இவற்றை இன்று பலரும் இகழ்கிறார்கள். ஆனால் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கு அந்தப் பெட்டி காதில் விழுந்தது என்பதை மறக்கக் கூடாது. பெட்டியை மூடியதும் செய்தி மறைந்துவிடும், ஒரு நேரத்தில் ஒரு தவறுதான் தெரியவரும் என்பவை அதன் குறைகள். பின்னால் வந்த வடிவமைப்பாளர்கள் பெட்டியை ஒழித்துவிட்டுக் கட்டத்தின் ஓரத்தைச் சிவப்பாக்கினார்கள். கண்ணுக்கு அது இதமாக இருந்தது. காதுக்கு எதுவுமே மிஞ்சவில்லை.

இந்த இழப்பு எத்தகையது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பார்வையற்ற ஒருவர் விண்ணப்பத்தை நிரப்பி, சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துகிறார். பிறந்த தேதியில் ஆண்டு விடுபட்டிருக்கிறது. அந்தக் கட்டம் சிவப்பாகிறது. திரைவாசிப்பான் மௌனமாக இருக்கிறது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா, இணைப்பு அறுந்ததா, பக்கம் உறைந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியாது. மேலிருந்து மறுபடி ஒவ்வொரு கட்டமாக டேப் விசையால் நகர்ந்து வருகிறார். சிவப்பான கட்டத்தை அடைந்ததும் குரல் ‘பிறந்த தேதி, திருத்தும் பெட்டி’ என்று முன்பு சொன்னதையே சொல்கிறது. அவர் அதையும் கடந்து போய்விடுகிறார்.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999 மே மாதம் வெளியிட்ட முதல் அணுகல் வழிகாட்டி, நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்றது. கட்டத்தோடு அதன் பெயரை இணைக்கச் சொன்னது. பிழைச்செய்திக்கென்று விதி எதையும் அது வகுக்கவில்லை. அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தின் 508ஆம் பிரிவுக்கான அன்றைய தரங்கள் படிவத்தின் அறிவுறுத்தல்களும் குறிப்புகளும் துணைக்கருவிகளுக்கு எட்ட வேண்டும் என்று கோரியதோடு நின்றன.

திருப்பம் 2008 டிசம்பரில் வந்தது. வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பில் 3.3 என்ற தனிப் பகுதி, உள்ளிடுவோருக்கு உதவுவதற்காகவே சேர்க்கப்பட்டது. தவறான கட்டம் எது என்று அடையாளம் காட்டி, தவறை எழுத்தில் விவரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிலை. திருத்தும் வழி தெரிந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்பதும், சட்டம், பணம் தொடர்பான படிவங்களில் சமர்ப்பித்ததைத் திரும்பப் பெறவோ சரிபார்க்கவோ வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அடுத்த நிலை. ஷ்னைடர்மன் கேட்டதில் பெரும்பகுதி 26 ஆண்டுகளுக்குப் பிறகு, சோதித்து ‘உண்டு, இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய விதியானது.

விதிக்குக் கருவி தந்தது 2014இல் நிறைவுபெற்ற ஏரியா 1.0 என்ற அணுகல் தரம். செய்தியைக் கட்டத்தோடு கட்டிவைக்கும் பண்பையும், கட்டத்தில் தவறு இருப்பதைச் சொல்லும் பண்பையும் அது வழங்கியது. மேலே சொன்ன கட்டத்தை இவற்றோடு அமைத்தால், குரல் ‘பிறந்த தேதி, தவறான பதிவு, ஆண்டையும் சேர்க்க வேண்டும்’ என்று தொடர்ந்து சொல்லும். எச்டிஎம்எல் 5 உலாவிக்கே சரிபார்ப்பைக் கொடுத்தது. ஆனால் உலாவி காட்டும் குமிழ் சில நொடிகளில் மறைவதும் முதல் தவறை மட்டும் காட்டுவதும் பழைய எச்சரிக்கைப் பெட்டியின் குறைகளையே நினைவூட்டின. பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் குழுவினர் அதை அணைத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். அவர்கள் முறையில் பக்கத்தின் உச்சியில் தவறுகளின் தொகுப்பு வரும். கீபோர்டு கவனம் அங்கே போய் நிற்கும். ஒவ்வொரு வரியும் உரிய கட்டத்துக்கு இட்டுச் செல்லும். அதே சொற்கள் கட்டத்தின் அருகிலும் இருக்கும். என் மதிப்பீட்டில் இன்றுவரை இதைவிடப் பொறுப்பான தீர்வு வரவில்லை.

இந்தியாவில் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி 2009இல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் டிஜிட்டல் கேஒய்சி முறையில் கண் சிமிட்ட முடியாமல் தடுக்கப்பட்ட அமிலவீச்சுப் பாதிப்பாளர்களும் பார்வையற்றோரும் தொடர்ந்த வழக்குகளில், டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவோடு இணைத்து 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. செய்தி எவ்வளவு கனிவாக இருந்தாலும், பின்னாலுள்ள சோதனை மனிதரை விலக்கினால் பயனில்லை என்பதை அவ்வழக்குகள் தெளிவாக்கின.

தமிழ்ப் பெயர்களுக்கும் இது பொருந்தும். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்து மட்டும் உள்ளவரிடம், குடும்பப் பெயரில் இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று படிவம் அடம்பிடிக்கிறது. தமிழிலேயே தட்டச்சு செய்தால் இன்னொரு தடை. ‘கண்ணன்’ என்ற பெயர் யூனிகோடில் ஆறு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. நான்கு எழுத்து வகை, இரண்டு புள்ளிகள். புள்ளியும் துணையெழுத்துகளும் எழுத்து வகையில் சேராமல் தனி வகையாக வைக்கப்பட்டுள்ளன. எழுத்து வகையை மட்டும் ஏற்கும் சோதனை இந்தப் பெயரை நிராகரித்து, ‘எழுத்துகளை மட்டும் உள்ளிடவும்’ என்று எழுத்துகளை மட்டுமே உள்ளிட்டவரிடம் சொல்லும். அந்தச் செய்தி சரியான கட்டத்தில், சரியான நேரத்தில், திரைவாசிப்பானுக்கும் கேட்கும்படி வந்தாலும் பொய்தான். புள்ளியும் துணையெழுத்துகளும் அடங்கிய வகையையும் அனுமதித்தால் சோதனை சரியாகிவிடும். பெயர்க் கட்டத்துக்கு இப்படியொரு சோதனை தேவைதானா என்பதை அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.