மிரியாம் கையில் இருந்தது தம்புருவா, தப்பா?

பாலவனத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு ஊரில், கிறிஸ்துமஸ் பவனிக்குத் தப்பு அடிக்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் கேட்டார்கள். சபையின் பெரியவர் ஒருவர் உடனே மறித்தார். "சாவுக்கு அடிக்கிறதைக் கொண்டாந்து சாமி முன்னாடி அடிப்பீங்களாடா?" என்றார். திண்ணையில் உட்கார்ந்திருந்த இன்னொரு தாத்தாவும் வேண்டாம் என்றார். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு: "எங்கப்பன் ஊருக்கு அடிச்சு அடிச்சுக் கூனிப்போனது போதும். எம் பேரனும் அதத்தான் தூக்கணுமா?"

இரண்டு பேர் சொன்னதும் 'வேண்டாம்' என்ற ஒரே சொல்தான். இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பைபிளை நம் மக்களில் ஒரு பகுதியினர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் வைத்திருக்கும் புத்தகம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் பெரியவரின் கேள்வியில் தொடங்குவோம். சாமி முன்னால் தோல்கருவி அடித்து ஆடலாமா?

யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகள் கடலைத் தாண்டிக் கரையேறுகிறார்கள். துரத்திவந்த தேர்ப்படை மூழ்கிவிட்டது. அப்போது மோசேயின் சகோதரி மிரியாம் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுக்கிறாள். எல்லாப் பெண்களும் அதேபோல எடுத்துக்கொண்டு ஆடியபடி அவள் பின்னால் போகிறார்கள். விடுதலையான மக்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று ஆட்டம்.

அந்த வாத்தியத்துக்கு எபிரேய மொழியில் 'தோஃப்' என்று பெயர். வட்டமான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய கைப்பறை அது. அதைப் பிடித்திருக்கும் பெண்களின் சுடுமண் பொம்மைகள் பாலஸ்தீனப் பகுதி அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. பைபிளிலும் அதைப் பெரும்பாலும் பெண்களே அடிக்கிறார்கள். மிரியாம், யெப்தாவின் மகள், சவுல் அரசனை எதிர்கொண்டு வந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் அதை அடித்துக்கொண்டே ஆடியவர்கள்தான்.

இப்போது தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்ததைத்தான் இன்றும் பெரும்பாலான சீர்திருத்த சபைகள் வாசிக்கின்றன. அதில் மிரியாமின் கையில் இருப்பது 'தம்புரு'. 150ஆம் சங்கீதத்தில் நடனத்தோடு சேர்ந்து வருவதும் தம்புருதான். தம்புரு என்றால் தமிழ்க் காதுக்கு என்ன தோன்றும்? கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து மீட்டுகிற நரம்புக் கருவிதான் தோன்றும். அதை வைத்துக்கொண்டு கடற்கரையில் ஆட முடியுமா? வேறு சில இடங்களில் அதே எபிரேயச் சொல்லை 'மேளம்' என்று பெயர்த்திருக்கிறார்கள். ஆனால் விடுதலை நாளின் கருவி தம்புருவாக உட்கார்ந்துவிட்டது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 150ஆம் சங்கீதத்துக்கு மத்தளம் வந்து சேர்ந்தது. பறை என்ற சொல்லை யாரும் போடவில்லை. அந்தச் சொல்லை எழுதினால் கூடவே ஒரு சாதியின் பெயரும் வந்துவிடும் என்ற கூச்சம் இருந்திருக்கலாம். அது என் ஊகம்.

இத்தனைக்கும் பறை தமிழ் இலக்கணத்துக்குள் எப்போதோ நுழைந்துவிட்ட சொல். தொல்காப்பியம் நிலங்களுக்குரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய பாண்டித்துரைத் தேவர் நம் பாலவனத்தத்தின் ஜமீன்தார். அந்தச் சங்கமும் அதன் 'செந்தமிழ்' இதழும் பழைய நூல்களைக் காப்பாற்ற உழைத்தன. அவர்கள் போற்றிய ஏடுகளில் பறை கௌரவமாக இருந்தது. அதே காலத்தில் இந்தக் கரிசல் காட்டில் அதை அடித்தவர்கள் ஊருக்கு வெளியே இருந்தார்கள்.

சபைக்குள் நடந்ததும் இதைப் போன்றதுதான். இந்தப் பக்கம் அமெரிக்கன் மதுரை மிஷன் வேலை செய்த பகுதி. 1834இல் தொடங்கிய அந்த மிஷனுக்குத் திருச்சுழிப் பக்கம் மண்டபசாலையிலும் ஒரு நிலையம் இருந்தது. அவர்கள் சாதியை எதிர்க்காமல் இல்லை. 1847இல், எந்தச் சாதியார் சமைத்தாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று தங்கள் ஊழியர்களிடம் கண்டிப்பாகக் கேட்டார்கள். மறுத்த பலர் வேலையை விட்டே போனார்கள். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ஆங்கில மெட்டில் தமிழை நசுக்கிப் பாடிக்கொண்டிருந்த சபைகளுக்கு அது பெரிய ஆறுதல், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கீர்த்தனை மரபின் பெரும்புலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). 1820களின் இறுதியில், தேவாலயத்தில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை மிஷனரிகள் ஒழிக்கப் பார்த்தபோது எதிர்த்து எழுதியவர் அவர். பந்தியில் சாதியை உடைக்கப் பார்த்த மிஷன், பாட்டில் எந்தச் சாதியின் இசை உள்ளே வருகிறது என்று கேட்கவில்லை. ராகமும் தாளமும் உள்ளே வந்தன, தப்பு வெளியே நின்றது. அதோடு ஆடுகிற உடம்பும் வெளியே நின்றது.

இந்தக் கேள்வியை நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து மதுரை அரசரடியில் ஒருவர் கேட்டார். தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு அவர். மாணவர்களுக்கு 'பரட்டை'. 2005இல் மறைந்தார். கர்நாடக இசையில் வந்த கிறிஸ்தவப் பாட்டு சாதியின் மதிப்பீடுகளையும் சுமந்து வருகிறது என்று அவர் வாதிட்டார். கிராமிய இசையை மக்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிப் பாடலாம், யாரும் 'சுருதி விலகுகிறது' என்று அதட்ட மாட்டார்கள் என்றார். நாட்டுப்புற மெட்டில் ஒரு முழு வழிபாட்டையே அமைத்தார். எல்லோரும் ஒரே உலையில் சமைத்து உண்பதுதான் திருவிருந்து என்பது அவர் இறையியல். 1847இல் பாதியில் நின்ற பந்தியும் வெளியே நின்ற தப்பும் அவரிடத்தில் ஒன்றுசேர்ந்தன. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்கள் மட்டுமே அடித்த கருவியைப் பெண்கள் அடித்து ஆடியபோது, மிரியாமின் காட்சி தமிழுக்குச் சரியாக மொழிபெயர்க்கப்பட்டது என்பேன்.

முதல் பெரியவருக்கு இதுதான் பதில். வேதம் உங்கள் பேரன் பக்கம் நிற்கிறது ஐயா.

இரண்டாவது தாத்தாவுக்கு இந்தப் பதில் போதாது. அவர் வேதத்தைக் கேட்கவில்லை, தன் அப்பாவின் முதுகைச் சொல்கிறார். சாவு வீடு, கோயில் கொடை, தண்டோரா என்று ஊர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயாக வேண்டும். போகாவிட்டால் அடி விழும். 1927இல் மகத் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டை இழுக்கும் வேலையை விட்டொழியுங்கள் என்றார். தென்னார்க்காட்டில் இளையபெருமாள் பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை நடத்தினார். அப்படிப் பறையைக் கீழே போட்டவர்களால்தான் நம்மில் பலர் படித்தோம். இன்று மேடையில் அதை எடுத்து அடிக்கும் நாம், அந்த மறுப்பைச் 'சுயமரியாதைக் குறைவு' என்று பேசினால் அது நன்றிகெட்ட பேச்சு.

இந்த மறுப்பும் பைபிளில் இருக்கிறது. 137ஆம் சங்கீதத்தில், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்கள் அந்த மக்களிடம் சந்தோஷமாக ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். அவர்கள் பாடவில்லை. கருவிகளை ஆற்றங்கரை மரத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்து அழுகிறார்கள். நியாயாதிபதிகள் புத்தகத்தில், கண் பிடுங்கப்பட்ட சிம்சோனை எதிரிகள் விருந்தில் வேடிக்கை காட்ட இழுத்து வருகிறார்கள். மிரியாம் ஆடியதையும் பாபிலோனில் பாட மறுத்ததையும் ஒரே புத்தகம் ஒரே மதிப்போடு வைத்திருக்கிறது. யாருடைய கட்டளையில் உடம்பு அசைகிறது என்பதுதான் கேள்வி.

ஆள்பவர்களுக்கும் இது தெரியும். 1739இல் தென் கரோலினாவில் கறுப்பின அடிமைகள் பறை முழங்கக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அடிமைகள் பறை வைத்திருக்கச் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். கருவியைப் பிடுங்கிய பிறகு அம்மக்கள் கைதட்டியும் தரையைக் காலால் தட்டியும் வட்டமாகச் சுற்றி வழிபட்டார்கள். அங்கே அடிக்காதே என்றார்கள், இங்கே அடித்தே தீர வேண்டும் என்றார்கள். இரண்டு இடத்திலும் நம் உடம்புக்கு எஜமான் வேறொருவன்.

ஆடுகிற உடம்பைப் பார்த்து அருவருக்கும் கண்ணும் பைபிளில் வருகிறது. தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் துள்ளிச் சுழன்று ஆடுகிறான். சவுலின் மகள் மீகாள் ஜன்னல் வழியாகப் பார்த்து மனதில் இகழ்கிறாள். வேலைக்காரிகளின் கண் முன்னால் ராஜா இப்படியா ஆடுவது என்பது அவள் குத்தல். இன்னும் தாழ்வேன், அந்த வேலைக்காரிகளிடமே எனக்கு மதிப்பு உண்டு என்கிறான் தாவீது. மீகாளும் ஆண்களின் அரசியலில் கைமாற்றப்பட்ட பெண் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அந்த ஜன்னல் நமக்குப் பழக்கமானது. நம் சபைப் பெரியவர், நம்மில் ஒருவராக இருந்தும், அந்த ஜன்னலில் நின்றுதான் நம் பிள்ளைகளைப் பார்த்தார்.

அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே நடக்க முடியாத ஒருவனைத் தினமும் தேவாலய வாசலில் பிச்சைக்கு வைக்கிறார்கள். கால் பலப்பட்டதும் அவன் குதித்துக்கொண்டு ஆலயத்துக்கு உள்ளே போகிறான். கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்த நாடார்கள் மேல் வழக்குப் போட்டு, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் உரிமை இல்லை என்று தீர்ப்பு வாங்கிய வட்டாரம் இது. வாசலைத் தாண்டும் காலுக்கு என்ன விலை என்று இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் தோழர்களே, பவனியில் தப்பு அடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பல சபைகளில் கல்லறை இன்னும் இரண்டாக இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள். அடிக்கிற அடி அந்தக் கல்லறைச் சுவர் வரைக்கும், அந்த ஆணை வரைக்கும் கேட்க வேண்டும்.

தப்பைக் காய்ச்சத் தீ மூட்டுவதற்கு முன்னால் அந்தத் தாத்தாவிடம் போய் உட்காருங்கள். எத்தனை அடி இருக்கிறது, எது சாவுக்கு, எது சாமிக்கு, எதை அடிக்கச் சொல்லி யார் மிரட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பேரன் தன் விருப்பத்துக்கு அடிக்கிறான், யாரும் கூப்பிட்டு அடிக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தால் ஒருவேளை சம்மதிப்பார். அப்போதும் வேண்டாம் என்றால், அந்த வேண்டாமையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.