மொரிஸ் மைனரும் மூடிய பொருளாதாரமும்

எஞ்சினைத் திறந்து மூடும்போது போல்ட், நட்டு எல்லாத்தையும் திரும்பப் பூட்டலாம். வால்வைக்கூட அரைச்சுப் போடலாம். கேஸ்கட்டை மட்டும் நம்பிப் போட முடியாது. ரெண்டு உலோகத்துக்கு நடுவில நசுங்கி, அந்த மேடுபள்ளத்துக்கு ஏத்த மாதிரிப் படிஞ்சு போறதுதான் அதோட வேலை. ஒருதடவை படிஞ்சது இன்னொரு தடவை அதே மாதிரிப் படியாது. அதனால, வெளியிலிருந்து சாமான் வராத காலத்தில முதல்ல கையைக் கடிக்கிறது இந்த மாதிரிப் பொருள்தான். இலங்கையின் இறக்குமதி வரலாற்றை வரவு செலவுத் திட்ட உரைகளில வாசிக்கலாம். கராஜில கேஸ்கட் வெட்டுற மேசையிலயும் வாசிக்கலாம்னு எனக்குப் படுது.

மொரிஸ் மைனர் வெளிவந்தது 1948இல். நமக்குச் சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம். அலெக் இசிகோனிஸ் வடிவமைச்ச அந்தச் சின்னக் கார் இங்கிலாந்தில 16 இலட்சத்துக்கு மேல செய்யப்பட்டு, 1970களின் தொடக்கத்தில நின்று போனது. இலங்கையில அது நிற்கவில்லை. 1960களில அந்நியச் செலாவணி நெருக்கடியில இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ ஆட்சியில கதவு கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. புதுக் கார் வராதபோது இருக்கிற காரைச் சாகவிட முடியாது. பழைய கார்மேல நம்ம ஆட்களுக்குப் பாசம்னு சொல்றவங்க உண்டு. பாசம் இருக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி டொலர் இல்லாதது இருந்தது.

தட்டுப்பாட்டுக்குக் கைவேலைதான் பதில். தண்ணீர்ப் பாதை, டைமிங் மூடி போன்ற இடங்களுக்குத் தடிப்பான கேஸ்கட் தாளை வெட்டினாப் போதும். தாளை அந்தப் பாகத்தின் மேல வச்சு, சின்னச் சுத்தியலால விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே போவாங்க. விளிம்பு தாளையே அறுத்துவிடும். வரையத் தேவையில்ல, அளக்கத் தேவையில்ல. வால்வு மூடிக்குக் கோர்க் ஷீட். ஹெட் கேஸ்கட்டுக்கு இந்த வித்தை பலிக்காது. உள்ளே எரியுற வாயுவின் அழுத்தம், பக்கத்திலேயே ஓடுற தண்ணி, ஒயில், மூன்றையும் பிரிச்சு வைக்கிறது அதுதான். தாளோ கோர்க்கோ அங்கே கருகிப் போகும்.

1977இல் கதவு திறந்ததும் ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. ஆனாலும் மைனர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. 1990களில இன்னும் ஒரு வேடிக்கை: இங்கிலாந்தின் பாத் நகரில மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வெயார், மைனருக்கான உடல் தகடுகளை இலங்கையில செய்யவைத்து அங்கே கொண்டுபோனார்.

மட்டக்குளியிலிருந்து பஸ் ஏறினா பஞ்சிகாவத்தை தூரமில்ல. பார்ட்ஸ் கடைகளாலேயே ஆன அந்தத் தெருவில "மைனர் ஹெட் கேஸ்கட்" என்று மட்டும் கேட்டா அரைக் கேள்விதான். 1952இல் வந்த ஏ-சீரிஸ் எஞ்சின் 803 சீசீ, 1956இல் 948, 1962இல் 1098. சிலிண்டர் விட்டம் முறையே ஏறக்குறைய 58, 63, 64.6 மில்லிமீற்றர். 803க்கான கேஸ்கட்டை 948இல் போட்டா அதன் விளிம்பு சிலிண்டருக்குள்ள நீட்டிக்கொண்டு நின்று எரிஞ்சு போகும். இலக்கத்தகட்டையும் நம்பாதீங்க. சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தா 1957க்குப் பிறகு பதிவான கார் என்று தெரியும் (அந்த எழுத்துக்கு எதிரான தமிழரசுக் கட்சியின் போராட்டம் தனிக் கட்டுரைக்குரியது). ஆனா இத்தனை வருஷத்தில எஞ்சின் மாறியிருக்கும். எஞ்சின் எண் 9எம் என்று தொடங்கினா 948, 10எம்ஏ என்றா 1098.

பூட்டுறதுக்கு முன்னாடி ஹெட் நேராக இருக்கான்னு இரும்பு அளவுகோலை வச்சுப் பார்க்கணும். வளைஞ்ச ஹெட்டுக்கு எந்தக் கேஸ்கட்டும் உதவாது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக 40 இறாத்தல்-அடி வரை இறுக்கணும். ஓரத்திலிருந்து தொடங்கினா கேஸ்கட் சீராகப் படியாது. கொஞ்ச நாளில ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்து நிற்கும்.

கடைகளில சிலர் தேடிப் போறது பெட்டி பிரிக்காத பழைய 'ஒரிஜினல்' கேஸ்கட்டை. எனக்கு இதில உடன்பாடில்ல. அந்தக் காலத்து ஹெட் கேஸ்கட் செப்புத் தகடுகளுக்கு நடுவில அஸ்பெஸ்டஸ் வச்சது. மூச்சில போனா நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும் பொருள். பிரித்தானியா 1999இல் அதை முழுசாகத் தடை செய்தது. பூட்டும்போதைவிடக் கழட்டும்போதுதான் ஆபத்து அதிகம். ஒட்டிக்கிடக்கிறதை மணல்தாளால தேய்ச்சு, எயார் பைப்பால ஊதித் தள்ளுற வேலை பெரும்பாலும் கராஜில வேலை பழகுற பொடியன்களுக்குத்தான் கிடைக்கும். அப்படிச் செய்யக் கூடாது. தண்ணியால நனைச்சு, மழுங்கின தகட்டால மெதுவாகச் சுரண்டி, ஈரத்தோடேயே பையில கட்டணும். முகத்துக்கு நல்ல மாஸ்க் வேணும், கைலேஞ்சி போதாது. புதுசா வர்ற கேஸ்கட்டுகளில அஸ்பெஸ்டஸ் இல்லாதவை இருக்கு, கடையில கேட்டு வாங்குங்க.

2020இல் வாகன இறக்குமதி திரும்ப நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் கதவு திறந்தது. அந்த அஞ்சு வருஷத்திலயும் பழைய எஞ்சின்களைத் திறந்து மூடித்தான் ஓட்டினோம்.